ஒரு நாள் லீவு போட்டால்தான் என்ன?

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் நல மருத்துவரின் பதில்கள்

பள்ளி திறந்து ஒரு மாதம் ஆனாலே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றத் தொடங்கிவிடும். சளி, காய்ச்சல், அம்மை, கண்வலி, வாய்ப்புண். நம் பாட்டிமார் இதை எல்லாம் சேர்த்து ‘ஒட்டுவாரொட்டி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். இந்த இதழுக்கு அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் மகள் யூகேஜி படிக்கிறாள். பள்ளி திறந்ததிலிருந்து இது மூன்றாவது காய்ச்சல். நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. அதனால் காலையில் காய்ச்சல் மருந்து கொடுத்து, சூடு இறங்கியதும் ஸ்கூலில் விட்டுவிட்டு ஓடுகிறேன். மிஸ் கோபப்படுகிறார். நான் செய்வது தப்பா டாக்டர்?
ஒரு அம்மா, திருப்பூர்

இதை எழுத உங்களுக்கு எவ்வளவு தயக்கமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. உங்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. முதலில் உங்கள் பயத்துக்கு ஒரு பதில்: புதிதாகப் பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளிக்காய்ச்சல் வருவது சகஜம். வீட்டுக்குள் பார்க்காத கிருமிகளை எல்லாம் அவள் உடம்பு இப்போதுதான் முதல்முறையாகச் சந்திக்கிறது. ‘எதிர்ப்புச் சக்தி இல்லை’ என்று யாராவது சொல்லி விலை கூடின டானிக்கைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள், அந்தக் காசுக்குப் பழமும் முட்டையும் வாங்கிக் கொடுங்கள்.

ஆனால் அந்தக் காய்ச்சல் மருந்து விஷயத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். பாராசிட்டமால் உடம்புச் சூட்டை இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. அதன் வேகம் நான்கிலிருந்து ஆறு மணி நேரம். காலை எட்டு மணிக்குக் கொடுத்தால் மதியம் சாப்பாட்டு நேரத்துக்குச் சூடு மறுபடி ஏறி, பிள்ளை பெஞ்சில் தலையைச் சாய்த்துவிடும், அப்புறம் உங்களுக்குப் போன் வரும், நீங்கள் அரை நாள் கூலியை எப்படியும் இழப்பீர்கள். அதற்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மேல் இருமி, பென்சிலைக் கடித்துக் கடன் கொடுத்து, ஒரே பாட்டிலில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்திருப்பாள். அடுத்த வாரம் உங்களைப் போலவே இன்னொரு அம்மா கூலியை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார், அதற்கடுத்த வாரம் அது சுற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வரலாம்.

நான் சொல்லும் கணக்கு இதுதான்: மருந்து எதுவும் கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்புங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ என்றால் நின்ற பிறகும் இரண்டு நாள் வீட்டில் வைத்திருங்கள். வெறும் மூக்கொழுகல், லேசான இருமல், ஆனால் ஓடி ஆடுகிறாள், சாப்பிடுகிறாள் என்றால் ஒரு கைக்குட்டையோடு தாராளமாக அனுப்பலாம், அதற்கெல்லாம் நிறுத்தினால் வருஷத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருப்பாள். காய்ச்சலோடு உடம்பில் தடிப்போ கொப்புளமோ தெரிந்தால் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்குகிறது, தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கிறாள், சிறுநீர் குறைந்துவிட்டது, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம்.

கூலிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். உங்கள் கணவரும் நீங்களும் ஷிப்ட் மாற்றி ஆளுக்கு அரை நாள் எடுக்க முடியுமா என்று உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே பேசி வையுங்கள், காய்ச்சல் வந்த காலையில் பேசினால் சண்டைதான் வரும். இதை ஒரு அம்மா தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. உங்கள் கம்பெனி முதலாளி இதைப் படித்தால் அவரிடமும் கேட்கிறேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரும் தாய்க்கு அந்த ஒரு நாளைச் சம்பளத்தோடு கொடுங்கள்.

பள்ளிகளிடம் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. ‘நூறு சதவீத வருகை’ என்று ஆண்டுவிழா மேடையில் கொடுக்கிறார்களே ஒரு பரிசு, அதை நிறுத்துங்கள். என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அந்தப் பதக்கத்துக்காகவே காய்ச்சலை மறைத்துக்கொண்டு போனாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிடுவேன் என்று காலையில் என் பக்கமே வரவில்லை. சாயங்காலம் 103 டிகிரியோடு திரும்பினாள். அந்த வாரம் அவள் வகுப்பில் பதினொரு பேர் படுத்துவிட்டார்கள். பிள்ளை செய்தது தப்பில்லை, நாம் எதைக் கைதட்டிப் பாராட்டினோமோ அதைத்தான் செய்தாள். சிபிஎஸ்இயில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவே 75 சதவீத வருகை போதும், 200 நாள் பள்ளி நடந்தால் 50 நாள் வராமல் இருந்தாலும் தேர்வு எழுதலாம். அப்படி இருக்க யூகேஜி பிள்ளைக்கு நூறு சதவீதம் எதற்கு?

நான் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்கு நீர்க் கொப்புளமாக அம்மை போட்டிருக்கிறது. வீட்டில் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள், ஐந்தாம் நாள் வேப்பிலையைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை விடச் சொல்கிறார்கள் ஊர்க்காரர்கள். விடலாமா? பையனை எத்தனை நாள் கழித்துச் சேர்ப்பது?
ஒரு ஆசிரியை, விருத்தாசலம்

டீச்சர், முதலில் அது எந்த அம்மை என்று பாருங்கள், நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். பெரியம்மை ஒழிந்துவிட்டது, இந்தியாவில் 1975இல் கடைசியாகப் பார்த்தது, 1980இல் உலகத்தை விட்டே போய்விட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தட்டம்மை, அதாவது மணல்வாரி, காய்ச்சல், இருமல், கண் சிவப்போடு தொடங்கி முகத்திலிருந்து கீழ் நோக்கிச் சிவந்த தடிப்பாக இறங்கும். நீர் கோத்த முத்து முத்தான கொப்புளம் என்றால் சின்னம்மை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் பையனுக்குச் சின்னம்மைதான்.

விடுமுறை விடுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. ஏன் என்றால், சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலிருந்தே பரவ ஆரம்பித்துவிடும். அந்தப் பையன் ஓடி விளையாடிக்கொண்டிருந்த நாளிலேயே கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்திருப்பான். வாங்கியவர்களுக்கு அது வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். ஒரு வாரம் பூட்டி வைத்துத் திறந்தால் அன்றைக்குத்தான் அடுத்த பிள்ளைக்கு முதல் கொப்புளம் வரும். அந்த ஒரு வாரம் பிள்ளைகள் ஒரே தெருவில் சேர்ந்துதான் விளையாடப்போகிறார்கள், மதியச் சாப்பாடு மட்டும் அவர்களுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

பையனைச் சேர்க்கும் நாளைக் காலண்டரில் தேட வேண்டாம், அவன் தோலைப் பாருங்கள். புதிதாகக் கொப்புளம் வருவது நின்று, இருப்பவை எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தால் வரலாம். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும், சிலருக்குக் கூடுதலாகவும் ஆகலாம். பொருக்கு உதிர்ந்து தழும்பு மறையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வீடுகளில் மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளையை வெளியே விடுவார்கள், அந்த வழக்கத்தோடு நான் மல்லுக்கு நிற்பதே இல்லை. பிள்ளையைத் தனியாக வைத்து, வீட்டுக்கு வேற்றாள் வரக்கூடாது என்று வேப்பிலை கட்டினார்களே, கிருமி என்ற பேச்சே இல்லாத காலத்தில் அது எவ்வளவு அருமையான ஏற்பாடு! வாசலில் வேப்பிலை இருந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். இப்போது அடுக்குமாடி வீட்டில் வேப்பிலையும் இல்லை, வாட்ஸ்அப் குழுவில் சொல்லவும் கூச்சம். அதுதான் பிரச்சினை. வீட்டாரிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள்: காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, சின்னம்மையின்போது அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஆபத்து உண்டு. நகத்தை ஒட்ட வெட்டி, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பை மெதுவாகக் கழுவிவிட்டால் புண் சீழ் பிடிக்காது, அது சாமிக்கு ஆகாத காரியம் இல்லை.

இன்றைக்கே நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் பள்ளியில் கர்ப்பமாக இருக்கும் ஆசிரியையோ சத்துணவு ஊழியரோ இருக்கிறாரா? சின்ன வயதில் அம்மை போட்டதில்லை, ஊசியும் போடவில்லை என்றால் அவர் இன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குச் சின்னம்மை நுரையீரல் வரை போகலாம், வயிற்றில் இருக்கும் குழந்தையையும் பாதிக்கலாம், பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறந்த குழந்தைக்கு உயிராபத்து. புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை, ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை இருந்தாலும் அப்படித்தான். எங்கள் வார்டில் ரத்தப் புற்றுநோயிலிருந்து தேறி வந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பெண், பள்ளியில் யாரோ மறைத்த சின்னம்மையால் மூன்று வாரம் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். அந்தத் தாய் ஜன்னல் ஓரமாக நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மறைப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் மறைப்பதில்லை, யாருக்கு என்ன ஆகும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வருஷ ஆரம்பத்தில் பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சொல்லுங்கள்.

சின்னம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறது, இரண்டு தவணை. அரசின் இலவச அட்டவணையில் இல்லாததால் தனியாரிடம்தான் போட வேண்டியிருக்கிறது, விலையும் கொஞ்சம் கூடுதல். முடிந்தவர்கள் போட்டுவிடுங்கள். போடாத பிள்ளை நோயாளியோடு பழகி மூன்று நாளுக்குள், கொஞ்சம் தள்ளினால் ஐந்து நாளுக்குள் போட்டாலும் ஓரளவு காப்பாற்றும்.

பேரனுக்கு மெட்ராஸ் ஐ. அவன் கண்ணைப் பார்த்தாலே எனக்கும் வந்துவிடும் என்று மருமகள் என்னைக் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்கிறாள்.
ஒரு தாத்தா, மாயவரம்

பார்வையால் பரவாது ஐயா. கண்ணில் ஒழுகும் நீர் அவன் கையில் ஒட்டி, அங்கிருந்து துண்டு, தலையணை, டிவி ரிமோட், கதவுக் கைப்பிடி என்று போய், கடைசியில் உங்கள் கையிலிருந்து உங்கள் கண்ணுக்கு வருகிறது. துண்டையும் தலையணையையும் தனியாக்குங்கள், இருவரும் அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கறுப்புக் கண்ணாடி அவனுக்கு வெளிச்சக் கூச்சத்துக்கு உதவும், கண்ணைக் கசக்காமலும் தடுக்கும், உங்களுக்குத் தேவையில்லை. கண்ணிலிருந்து நீரும் பீளையும் நிற்கும் வரை பள்ளி வேண்டாம். போன வருஷம் மிச்சம் வைத்த சொட்டு மருந்தையோ கடைக்காரர் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தையோ கண்ணில் போடவே போடாதீர்கள், தாய்ப்பாலும் வேண்டாம். பார்வை மங்கினாலோ வலி அதிகமானாலோ கண் மருத்துவரிடம் போங்கள்.

எல்கேஜி மகனுக்கு வாயில் புண், உள்ளங்கை உள்ளங்காலில் கொப்புளம். தக்காளிக் காய்ச்சல் என்கிறார்கள். ஸ்கூலில் வகுப்புக்கு வகுப்பு சானிடைசர் வைத்திருக்கிறார்கள், டெய்லி டெஸ்க் துடைக்கிறார்கள், அப்புறமும் எப்படிப் பரவியது?
ஒரு அப்பா, மேடவாக்கம்

2022இல் கேரளாவில் நிறையப் பிள்ளைகளுக்கு வந்தபோது தக்காளிக் காய்ச்சல் என்ற பெயர் பரவியது, தக்காளிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிக்குக் கை கால் வாய் நோய் என்று பெயர். காக்ஸாக்கி போன்ற வைரஸ்களால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே சரியாகிவிடும். ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. வாய்ப்புண்ணால் சாப்பிட மாட்டான், ஆறின கஞ்சி, மோர், இளநீர் என்று குளிர்ச்சியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரமும் புளிப்பும் எரியும். ஒரு மாதம் கழித்து நகம் கழன்று விழுந்தாலும் பயந்துவிடாதீர்கள், சிலருக்கு அப்படி ஆகும், திரும்ப முளைத்துவிடும்.

சானிடைசருக்கு வருகிறேன். கொரோனா வைரஸுக்குக் கொழுப்பாலான ஒரு மேலுறை உண்டு, ஆல்கஹால் பட்டதும் அது உடைந்துவிடும். இந்தக் காக்ஸாக்கி வகைக்கு அந்த உறையே கிடையாது. அதனால் சானிடைசர் இதனிடம் சரியாகப் பலிப்பதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் அப்படியில்லை, தேய்க்கும்போது கிருமியைத் தோலிலிருந்து பெயர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். இன்னொன்று, கொப்புளம் ஆறி, பிள்ளை பள்ளிக்குத் திரும்பிய பிறகும் பல வாரங்கள் மலத்தில் இந்த வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். டெஸ்க்கை எத்தனை தடவை துடைத்தாலும், கழிப்பறையில் சோப்பு இல்லாவிட்டால் எல்லாம் வீண். பள்ளிக்குப் போய் முதலில் கழிப்பறையைப் பாருங்கள். அங்கே தண்ணீர் வருகிறதா, குழாய் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா? ஆயாம்மா பிள்ளையைக் கழுவிவிட்டுத் தன் கையைக் கழுவ அவருக்குச் சோப்பு கொடுத்திருக்கிறார்களா? நான் பள்ளி முகாம்களுக்குப் போகும்போது தலைமையாசிரியர் அறைக்குப் போவதற்கு முன்னால் அங்கேதான் போவேன். குளிர்சாதன வகுப்பறைக்குக் கட்டணம் வாங்கும் பள்ளியிலும் சோப்பு இல்லாமல் பார்த்திருக்கிறேன், ஓட்டுக் கட்டடத்தில் நடக்கும் ஊராட்சிப் பள்ளியில் பழைய சாக்ஸுக்குள் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன். சோப்பு கீழே விழாது, காணாமலும் போகாது, பிள்ளைகள் சாக்ஸோடு பிடித்துத் தேய்த்துக்கொள்கிறார்கள். அந்த டீச்சருக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரே வாளித் தண்ணீரில் வரிசையாகக் கை நனைப்பது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. அது கழுவுவது ஆகாது, முதல் பிள்ளையின் அழுக்கைக் கடைசிப் பிள்ளை வரை பங்கு போடுவது. ஒருவர் சொம்பில் மொண்டு ஊற்ற, இன்னொருவர் இருபது வினாடி தேய்த்துக் கழுவினால்கூடப் போதும். மேல்நிலைத் தொட்டிக் குழாயே வேண்டும் என்பதில்லை. நம் வீடுகளில் எச்சில் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடிக்கப் பழக்குவார்களே, அதையும் விட்டுவிடாதீர்கள், உறிஞ்சிக் குடிக்கும் பாட்டிலைப் பிள்ளைகள் மாற்றி மாற்றி வாயில் வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழக்கத்தின் அருமை புரிகிறது.

மகளுக்குத் தலையெல்லாம் பேன். பள்ளியில் இருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
ஒரு அம்மா, கோவில்பட்டி

அனுப்பியிருக்கக் கூடாது. பேன் அரிக்கும், ஆனால் அது நோய் எதையும் பரப்புவதில்லை, அழுக்கின் அடையாளமும் இல்லை. வாரம் இரண்டு மூன்று தடவை ஈரத் தலையில் பேன் சீப்பால் வாருங்கள், மருந்து போட்டால் ஈர் பொரியும் கணக்குக்கு ஏழு முதல் பத்து நாளில் மறுபடி போடுங்கள். வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள். மொட்டை அடிக்காதீர்கள், பத்து வயசுப் பெண்ணுக்கு அது பேனைவிட வலிக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் அம்மை ஊசி உட்பட ஒன்று விடாமல் போட்டோம். அப்புறம் எப்படி என் பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது? ஊசி போலியா?
ஒரு அப்பா, ஆரணி

போலி இல்லை. அரசு அட்டவணையில் 9 மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் போடுவது எம்ஆர் ஊசி, தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உண்டானது. பொன்னுக்கு வீங்கிக்கான பகுதி அதில் இல்லை. தனியாரிடம் போடும் எம்எம்ஆரில் இருக்கிறது. இலவச ஊசியில் இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எம்ஆர் ஊசியைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள். தட்டம்மை அளவுக்குத் தொற்றும் நோய் வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம், நோயாளி வெளியேறிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி மிதக்கும், தடுப்பூசி இல்லாதவர்கள் பத்துப் பேர் பழகினால் ஒன்பது பேருக்கு வரும். 2017இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 9 மாதம் முதல் 15 வயது வரைக்கும் இந்த ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் எவ்வளவு வதந்தி! கேட்டில் நின்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோரிடம் ஒவ்வொருவராகப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனது. 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி ஊசிக்கும் ‘எதற்கு, காயமே படவில்லையே’ என்று இன்றும் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அது காயத்துக்கு மட்டும் இல்லை, தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் பையனுக்கு வருவோம். வீக்கம் தொடங்கி ஐந்து நாள் பள்ளி வேண்டாம். கழுத்தில் பொன் சங்கிலி போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. கடும் தலைவலி, விடாத வாந்தி, விதை வீங்கி வலிப்பது, காது கேட்பது குறைவது, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

நான் ஏழாம் வகுப்பு. ஹாஸ்டலில் இருக்கிறேன். என் பிரெண்டுக்கு உடம்பெல்லாம் சொறி. ராத்திரி தூங்காமல் சொறிகிறான். எல்லாரும் அவனைத் தள்ளி உட்கார வைக்கிறார்கள், வார்டன் சாரும் தனியாகப் படுக்கச் சொல்லிவிட்டார். அவன் அழுகிறான். நானும் அவனிடம் பேசக் கூடாதா?
ஒரு மாணவன், தர்மபுரி மாவட்டம்

தம்பி, பேசலாம். பேசுவதால் சொறி வராது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் பூச்சி தோலுக்குள் குழி பறித்து முட்டை இடுவதால்தான் அந்த அரிப்பு, ராத்திரியில் அது கூடுதலாக இருக்கும். ரொம்ப நேரம் தோலோடு தோல் ஒட்டியிருந்தால், ஒரே பாயில் படுத்தால், ஒரே துண்டு, ஒரே சட்டை போட்டால் பரவும். உன் நண்பன் குளிக்காததால் வந்தது என்று யாராவது சொன்னால் அது பொய்.

இந்தக் கடிதத்தை வார்டன் சாரிடம் காட்டு, கீழே இருப்பது அவருக்கு. சார், அவனை மட்டும் தனியாகப் படுக்க வைத்தால் இது தீராது. அரிப்பு ஆரம்பிக்கவே பல வாரம் ஆகும் என்பதால், இப்போது அரிக்காத பையன்களிடமும் அந்தப் பூச்சி இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். அந்த அறையில் இருக்கும் எல்லாரும் ஒரே ராத்திரியில் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நக ஓரம், இடுப்பு, தொடையிடுக்கு விடாமல் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. அதே நாளில் துணி, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், துவைக்க முடியாததை ஒரு பையில் கட்டி ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டால் பூச்சி செத்துவிடும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தினமும் பூசாதீர்கள். களிம்பு பூசிய மறுநாளே அவன் வகுப்புக்கு வரலாம்.

தம்பி, அந்த மறுநாள் காலையில் சாப்பாட்டு வரிசையில் நீ அவன் பக்கத்தில் போய் நில். மற்றவர்கள் பார்க்கட்டும்.